கையெழுத்து முதலில், படிப்பு அப்புறம்: பாலக்காட்டுப் பக்கம் படிக்க வந்தவர்களுக்குச் செமஸ்டர் கடைசி வழிகாட்டி

நவம்பர் பிறந்ததும் எங்கள் ஹாஸ்டல் மாடியில் காற்று மாறிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே இருந்து ஒரு வறண்ட காற்று வரும். கதவு தானாக அடித்துக்கொள்ளும், மேசையில் வைத்த தாளெல்லாம் அறை முழுக்கப் பறக்கும், உதடு வெடிக்கும். அந்தக் காற்று ஆரம்பித்த வாரத்திலிருந்து என் கதவையும் யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். "அக்கா, மிஸ் லீவுல போயிட்டாங்களாம், ரெக்கார்டுல கையெழுத்து வாங்கலை." "அக்கா, ஹால் டிக்கெட்ல என் பேரே வேற மாதிரி இருக்கு." "அக்கா, கண்டோனேஷன்னா என்னங்க?"

மூன்று வருஷமாக இந்தக் கேள்விகளைக் கேட்கிறேன். பாடம் புரியவில்லை என்று அழுதுகொண்டு வந்தவர்கள் குறைவு. காகிதம் நகரவில்லை என்று அழுதவர்கள்தான் அதிகம். நான் கொழிஞ்சாம்பாறைக்காரி, பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கும் எல்லை ஊர் அது. இந்தப் பக்கத்துக் கல்லூரியிலேயே எம்.ஏ. தமிழ் முடித்து, இப்போது ஆய்வில் இருக்கிறேன். பொள்ளாச்சி, கோயமுத்தூர் பக்கமிருந்து எல்லை தாண்டி முதுகலைக்கோ பி.எச்டி.க்கோ வந்திருக்கும் புதியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முதல் செமஸ்டரில் நான் பட்டதை நீங்களும் படவேண்டும் என்று ஒன்றும் இல்லை.

1. ஒரே தாளில் தேதிகள்

தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கும்போதே ஒரு முழுத்தாளை எடுத்து, கடைசித் தேர்விலிருந்து பின்னோக்கிக் கட்டம் போடுங்கள். போனில் வேண்டாம், தாளில் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். பசை நன்றாக இருக்கட்டும், காற்றைப் பற்றித்தான் சொல்லிவிட்டேனே.

அந்தத் தாளில் தேர்வு நாளை விட முக்கியமாக ஏற வேண்டியது தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள். பல்கலைக்கழக அறிவிப்பில் அபராதம் இல்லாமல் ஒரு தேதி, அபராதத்தோடு ஒரு தேதி என்று இரண்டு இருக்கும். இரண்டாவது தேதி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். இணையத்தில் பணம் கட்டினால் மட்டும் முடிந்ததாகவும் நினைக்காதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் விண்ணப்பத்தை அச்செடுத்து ஆபீஸில் கொடுக்க வேண்டியிருக்கும். பணம் கட்டிவிட்டு அச்சுத் தாளைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஊருக்குப் போன பையனை எனக்குத் தெரியும்.

அறிவிப்பு மலையாளத்தில் இருந்தால் தமிழ்க் காதோடு படிக்காதீர்கள். 'அவசான அவசரம்' என்று பலகையில் ஒட்டியிருந்ததைப் பார்த்து ஏதோ ஆபத்து என்று நினைத்தவள் நான். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. அது 'கடைசி வாய்ப்பு' என்று சொல்கிறது. வினாத்தாளில் 'உபந்யாசம்' என்று வந்தால் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள், கோயில் மண்டபத்தில் நடக்கும் கதாகாலட்சேபத்தை அல்ல. 'மாற்றிவெச்சு' என்றால் ஒத்திவைத்தாகிவிட்டது. இந்த ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தால் உடனே நம்பிவிடாமல், பல்கலைக்கழக இணையதளத்தில் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு ஒருமுறையாவது போன வருஷத்து ஒத்திவைப்பு அறிவிப்பு புதிது போலச் சுற்றி வரும்.

விடுமுறைகளையும் அதே தாளில் குறியுங்கள். இங்கே கணக்கு வேறு. ஓணத்துக்குப் பத்து நாள் கிடைக்கும். அது முடிந்து வந்து உட்காரும்போது ஒற்றைப்படை செமஸ்டரின் பாதி போயிருக்கும். தீபாவளிக்கு ஒரே நாள்தான், முன்னும் பின்னும் ஒட்டிக் கிடைக்கும் என்று பஸ் டிக்கெட் போடாதீர்கள். பொங்கலுக்குத் தமிழ்நாட்டை ஒட்டிய ஆறு மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், பாலக்காடு அதில் ஒன்று. நவம்பர் நடுவில் கல்பாத்தித் தேர் வரும். கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை நடக்கும். கொங்குப் படையை அடித்து விரட்டிய கதையைக் கொண்டாடும் திருவிழா அது. பொள்ளாச்சிப் பையன்களை அன்றைக்கு வகுப்பில் ஓட்டாமல் விடமாட்டார்கள். சிரித்துக்கொண்டு போய்ப் பாருங்கள், ஆனால் அன்று மாலை படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

ஹர்த்தால் என்ற முழு அடைப்பு இன்னொன்று. ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் அறிவிக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதற்குப் பிறகும் திடீரென்று பஸ் ஓடாத நாள் வந்திருக்கிறது. அதனால் தேர்வு நாள் காலையில் வாளையாறோ கோபாலபுரமோ தாண்டி வந்து எழுதலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். முந்தின நாளே இங்கே இருங்கள். தெரிந்தவர் வீட்டுத் திண்ணையாக இருந்தாலும் சரி.

2. வருகைப் பதிவை நீங்களே எண்ணுங்கள்

75 சதவீதம். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 68 நாள் இருக்க வேண்டும், 22 நாள் விடலாம். கேட்க நிறைய இருப்பது போலத் தோன்றும்.

இப்போது வாராவாரம் ஊருக்குப் போகிறவர் கணக்கைப் பாருங்கள். வெள்ளி மத்தியானம் பஸ் ஏறுகிறார், திங்கள் மத்தியானம் வந்து சேர்கிறார். வாரத்துக்கு இரண்டு அரைநாள், அதாவது ஒரு நாள். 16 வாரத்துக்கு 16 நாள் போயிற்று. நடுவில் ஒரு காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்தால் 21. மிச்சம் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் மாமன் மகள் கல்யாணம் இரண்டு நாளாக வரும்.

வெள்ளிக்கிழமை விஷயம் புதியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. கேரளக் கல்லூரிகளில் வெள்ளியன்று ஜும்மாவுக்காக மத்தியான இடைவேளை நீளமாக இருக்கும், இரண்டு மணிக்கு மேல்தான் மறுபடி வகுப்பு. பன்னிரண்டரைக்கு எல்லாரும் வெளியே போவதைப் பார்த்து அரைநாள் என்று முடிவு கட்டி எங்கள் செட்டில் ஒருத்தி இரண்டு மாதம் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

குறைந்துவிட்டால் கண்டோனேஷன் உண்டு. மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, குறைவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, படிப்புக் காலத்தில் இத்தனை தடவைதான் என்ற வரையறையும் இருக்கிறது. என்.எஸ்.எஸ்., விளையாட்டு, கருத்தரங்கு என்று போன நாட்களுக்கு டியூட்டி லீவு எழுதிக் கொடுத்திருந்தால் அவை வருகையில் சேரும். எழுதிக் கொடுக்காவிட்டால் சேராது. போய் வந்த அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். செமஸ்டர் கடைசியில் ஆகஸ்டு மாதத்துக் கருத்தரங்குச் சான்றிதழைத் தேடுவதைப் போல எரிச்சலான வேலை கிடையாது.

3. கையெழுத்து வேட்டை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

செமஸ்டர் கடைசியில் உங்கள் கையில் இருக்கும் நேரம் உங்களுடையது. இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்தும் படிக்கலாம். ஆனால் துறைத்தலைவரிடம் இரவு இரண்டு மணிக்குக் கையெழுத்து வாங்க முடியாது. அவருக்குக் கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழு, விடைத்தாள் திருத்தும் முகாம், மகள் கல்யாணம் எல்லாம் இருக்கும். ஆபீஸில் உங்கள் செக்‌ஷனைப் பார்க்கும் கிளார்க் ஒரே ஆள்தான், அவர் பகல் சாப்பாட்டுக்குப் போனால் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் அடுத்தவர் கை பட வேண்டிய வேலையெல்லாம் முதலில், உங்கள் கை மட்டும் போதுமென்ற வேலை பிறகு. நாம் செய்வது நேர்மாறாக இருக்கிறது. முதலில் படிப்போம், கையெழுத்துதானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம்.

வேதியியல் படிக்கும் ஒரு ஜூனியர், தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி எப்போதும் தலையாட்டிக்கொண்டே இருப்பாள். முழு ரெக்கார்டையும் அழகாக எழுதி, ஒவ்வொரு படத்துக்கும் வண்ணம் தீட்டி, செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் கொண்டுபோனாள். பதினான்கு சோதனைகள், ஒவ்வொன்றின் கீழும் தேதியோடு கையெழுத்து வேண்டும். ஆசிரியை தேதியைப் பார்த்தார். "ஜூலையில் செய்ததுக்கு நான் நவம்பரில் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டார். அன்று சாயந்தரம் அந்தப் பெண் என் கட்டிலில் உட்கார்ந்து ரெக்கார்டின் மூலையை மடித்து மடித்து நீவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கையெழுத்து கிடைத்தது, ஆனால் இரண்டு நாள் படிப்பு போயிற்று. சோதனை முடிந்த வாரமே கையெழுத்து, அவ்வளவுதான் விஷயம்.

ஒரு கிளிப் ஃபைல் வாங்குங்கள். அதில் எப்போதும் இருக்க வேண்டியவை: அடையாள அட்டையின் நகல் நான்கு, பாஸ்போர்ட் அளவுப் படம் ஆறு, கட்டிய ரசீதெல்லாம், இரண்டு வெள்ளைத்தாள், எழுதுகிற நீலப் பேனா. நீட்டியதும் அவர்கள் பேனாவைத் தேடக்கூடாது. எங்கே கையெழுத்திட வேண்டுமோ அங்கே பென்சிலால் சின்னப் புள்ளி வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தே நீட்டுங்கள்.

இன்டர்னல் மதிப்பெண் பட்டியலில் உங்களைக் கையெழுத்திடச் சொல்வார்கள். வரிசையில் நிற்கும் பத்துப் பேர் அவசரப்படுத்தினாலும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு ஏறிய பிறகு ஓர் எண்ணைத் திருத்த ஆகும் அலைச்சலை ஒரு செமஸ்டருக்கே பாடமாக வைக்கலாம்.

அடுத்து பெயர். எல்லை தாண்டி வந்த எல்லோரும் இதைக் கவனியுங்கள். நமக்கு இனிஷியல் முன்னால் வரும், இங்கே பின்னால் போடுவார்கள். நம் அப்பா பெயரை விரித்து எழுதும் சான்றிதழ் ஒன்று, எழுத்தாக மட்டும் போட்ட சான்றிதழ் ஒன்று, ஆதாரில் வேறொன்று. இங்கே வீட்டுப் பெயர் சேர்த்துப் பெயர் எழுதிப் பழகிய கிளார்க், படிவத்தில் வீட்டுப் பெயர் என்ற கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து உங்கள் தெருப் பெயரை எடுத்துப் போட்டுவிடக்கூடும். என் முதல் ஹால் டிக்கெட்டில் என் இனிஷியல் பின்னால் போனதோடு, அதற்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஏதோ பெரிய வித்வான் மாதிரி. திருத்த ஐந்து வாரம் ஆயிற்று. கட்டணம் கட்டும் முன் திரையில் தெரியும் பெயரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்து வந்தவர்கள், தகுதிச் சான்று, இடப்பெயர்வுச் சான்று போன்றவை சேர்க்கையின்போது 'பிறகு தருகிறேன்' என்று எழுதிக் கொடுத்த நிலையிலேயே இருக்கிறதா என்று ஆபீஸில் ஒருமுறை கேளுங்கள். அந்தப் 'பிறகு' சரியாகத் தேர்வு வாரத்தில்தான் வரும். தபாலில் வரவழைத்தால் முகவரியில் பின்கோடைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். நம் சித்தூர் 678 என்று தொடங்கும். 517 என்று தொடங்குவது ஆந்திரத்துச் சித்தூர். என் ஒரு சான்றிதழ் அங்கே போய்த் திருப்பதி வெங்கடாசலபதியைச் சேவித்துவிட்டுத்தான் வந்திருக்கும், அவ்வளவு நாளாயிற்று.

4. எழுத்து வேலை: அழகு வேண்டாம், முடிவு வேண்டும்

அசைன்மென்ட், செமினார் கட்டுரை, ஆய்வேட்டின் இயல் என்று மூன்று நான்கு ஒன்றாக வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரே தரத்தில் எழுத முடியாது, எழுதவும் கூடாது. எது மதிப்பெண்ணுக்கு மட்டும், எது அடுத்த வருஷமும் உங்களோடு வரப்போகிறது என்று பிரியுங்கள். மதிப்பெண்ணுக்கானதை ஒரு நாளில் எழுதி ஒரு மணி நேரம் திருத்திக் கொடுத்துவிடுங்கள். ஆய்வேட்டுக்குப் போகப்போகும் கட்டுரைக்கு மட்டும் மிச்ச மூச்சைப் பிடியுங்கள்.

திருட்டு எழுத்து விஷயத்தில் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் நடவடிக்கை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. படிக்கும்போது அடுத்தவர் வரியைக் குறிப்பேட்டில் எழுதினால் அங்கேயே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த வரி நம்முடையதோ என்று நமக்கே சந்தேகம் வரும்; நன்றாக இருந்தால் நிச்சயம் நம்முடையதுதான் என்று தோன்றும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு எழுத்துரு ஒரு தனித் துக்கம். உங்கள் கைடு பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகியவராக இருப்பார், நீங்கள் யூனிகோடில் எழுதுவீர்கள், நடுவில் ஒரு கோப்பு அங்குமிங்கும் போகும். பாமினிக் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல்லே நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். இங்கே டி.டி.பி. கடையில் இருக்கும் சேட்டனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவருக்கு நம் எழுத்து படம் மாதிரி. கெட்டுப்போய் வந்தாலும் அது கெட்டது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

எனக்கு நடந்தது இது. எம்.ஏ. ப்ராஜெக்ட், மூன்று பிரதி, கடைசி நாள் காலை. வேர்டு கோப்பாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன். அச்சாகி வெதுவெதுப்பாகக் கையில் வந்த கட்டை அப்படியே பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டுக் கட்டன் சாயா குடிக்கப் போனேன். திரும்பி வந்து பிரித்தால் 'கொ', 'கோ' எல்லாம் உடைந்து, கொம்பு தனியாகவும் கால் தனியாகவும், நடுவில் புள்ளி வட்டத்தோடு நிற்கிறது. ஆய்வுத் தலைப்பே கொங்கு நாட்டுப் பழமொழிகள். 'கொங்கு' என்ற சொல் 61 பக்கத்தில் எத்தனை தடவை வரும், யோசித்துப் பாருங்கள். மறுபடி அச்சு, மறுபடி பைண்டிங், மாலை நாலே முக்காலுக்குத் துறைக்குள் ஓடினேன்.

ஆகவே வரிசை இது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பழைய எழுத்துருக்களை மாற்றித் தரும் இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படியுங்கள், ஸ்ரீயும் ஔவும் அநேகமாகத் தவறியிருக்கும். உங்கள் கணினியிலேயே எழுத்துருவை உள்ளடக்கிப் பி.டி.எஃப். ஆக்குங்கள். கடைக்குப் பி.டி.எஃப். மட்டும் கொண்டுபோங்கள். முதலில் ஒரே ஒரு பக்கம் அச்செடுத்துப் பாருங்கள், அதில் 'கொ', 'ஸ்ரீ', ஓர் அடிக்குறிப்பு மூன்றும் வரும் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். அப்புறம்தான் மிச்சம்.

கோப்பின் பிரதி மூன்று இடத்தில் இருக்கட்டும்: கணினி, பென் டிரைவ், உங்களுக்கே நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல். பெயரில் தேதி போடுங்கள். 'இறுதி', 'இறுதியிலும் இறுதி', 'இதுதான் இறுதி' என்று மூன்று கோப்பு வைத்திருக்கும் யாருக்கும் எது இறுதி என்று தெரியாது.

5. கைடிடம் ஒளியாதீர்கள்

வேலை முடியாவிட்டால் நாம் செய்யும் முதல் காரியம் கைடு வரும் தாழ்வாரத்தைத் தவிர்ப்பது. நானும் செய்திருக்கிறேன். நூலகத்தின் பின்வாசல் வழியாக ஒரு மாதம் நடந்திருக்கிறேன். அவருக்கு அது தெரியும் என்பது பிறகு தெரிந்தது.

முடிந்ததைக் காட்டப் போக வேண்டாம், முடியாததைக் கேட்கப் போங்கள். செய்தி அனுப்பினால் இந்த மாதிரி:

"டீச்சர், வணக்கம். இரண்டாம் இயலில் 17 பக்கம் முடித்து மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் முடிவு இரண்டு இடத்தில் வேண்டும்: வகைப்பாட்டைத் தொழில் வாரியாக வைப்பதா பொருள் வாரியாக வைப்பதா, களப்பணிப் பட்டியலை இயலுக்குள் சேர்ப்பதா பின்னிணைப்பாக வைப்பதா. வியாழன் 11 மணிக்கு அறைக்கு வரலாமா?"

இதில் 'சிரமத்துக்கு மன்னிக்கவும்' என்பது இல்லை, காய்ச்சல் கதை இல்லை, பாட்டி இறக்கவில்லை. என்ன இருக்கிறது, என்ன வேண்டும், எப்போது. 'டீச்சர்' என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் கல்லூரிப் பேராசிரியையை அப்படிக் கூப்பிட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், மேடம் என்பதுதான் அங்கே மரியாதை. இங்கே டீச்சர் என்பதில் மரியாதையும் இருக்கிறது, கொஞ்சம் உரிமையும் இருக்கிறது. ஆண்கள் சார், இல்லாவிட்டால் மாஷ். துறையில் மற்றவர்கள் எப்படி அழைக்கிறார்களோ அப்படி அழையுங்கள்.

பி.எச்டி.க்காரர்களுக்கு மட்டும் சில. 2022 யு.ஜி.சி. விதிப்படி கோர்ஸ் ஒர்க் எனும் பாடப் படிப்பு குறைந்தது 12 கிரெடிட், தேற 55 சதவீதம் வேண்டும். ஆய்வுக் குழுவின் முன் செமஸ்டருக்கு ஒருமுறை உங்கள் ஆய்வு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். இந்தக் கூட்டத்தை நீங்களாகத் தேதி கேட்டு நடத்திக்கொள்ளாவிட்டால் செமஸ்டர் கடைசியில் எல்லா ஆய்வாளர்களையும் ஒரே மத்தியானத்தில் உட்கார வைத்து முடிப்பார்கள், உங்களுக்கு எட்டு நிமிஷம் கிடைக்கும். ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை வாங்குகிறவர்கள் மாதாமாத உறுதிப்பாட்டைக் கல்லூரி ஏற்றியதா என்று விடுமுறைக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். ஏற்றுகிற ஆள் விடுமுறையில் போனால் பணமும் விடுமுறையில் போகும்.

6. தேர்வுப் படிப்பு

இதைப் பற்றி நீளமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, இத்தனை வருஷம் படித்துத்தானே வந்திருக்கிறீர்கள். ஐந்து வருஷத்துப் பழைய வினாத்தாள்களை எடுத்து, ஒரே கேள்வி எத்தனை முறை வந்திருக்கிறது என்று ஓரத்தில் கோடு போடுங்கள். வகுப்பில் மலையாளத்தில் கேட்டதை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும் துறை என்றால், முக்கியமான இருபது விளக்கங்களை ஆங்கிலத்தில் ஒருமுறையாவது கையால் எழுதிப் பாருங்கள். புரிந்ததும் எழுத வருவதும் வேறு வேறு. தோற்றுப் போனால் நம் ஊரில் அரியர், இங்கே சப்ளி. பெயர்தான் வேறு, மறுபடி பணம் கட்டுவது இரண்டிலும் உண்டு.

7. உடம்பு

ஒற்றைப்படை செமஸ்டர் காற்றில் முடியும், இரட்டைப்படை செமஸ்டர் வெயிலில் முடியும். மார்ச், ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும். மாடியறையில் மத்தியானம் படிப்பு நடக்காது, நடக்கும் என்று நம்பி ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம். காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை, பிறகு நூலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே ஓர் இடம், மத்தியானம் ஒரு தூக்கம், மாலை ஆறுக்கு மேல் மறுபடி. மெஸ்ஸில் தரும் பதிமுக வெள்ளத்தை, அந்த இளஞ்சிவப்புத் தண்ணீரை, முகம் சுளிக்காமல் குடியுங்கள். நாலு நாளில் பழகிவிடும். மட்டை அரிசிச் சோறும் பழகும், அதற்கு நாற்பது நாள் ஆகும்.

கட்டன் சாயா ராத்திரி பத்து மணிக்கு மேல் வேண்டாம். பாலில்லாத அந்தத் தேநீர் ஒன்றும் செய்யாது என்று நினைத்து நான் ஒரே இரவில் ஆறு குடித்தேன். விடிய விடிய விழித்திருந்தேன் என்பது உண்மை, ஒரே பக்கத்தை விடிய விடியப் படித்தேன் என்பதும் உண்மை.

மெஸ் எந்த நாளோடு மூடுகிறது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சில இடத்தில் கடைசித் தேர்வுக்கு முன்னாலேயே மூடிவிடுவார்கள்.

தூக்கம் போய், சாப்பாடு போய், யாரிடமும் பேசப் பிடிக்காமல் போனால் அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். கேரளத்தின் திசா என்ற சுகாதார உதவி எண் 1056. என் அறைத்தோழி ஒரு நள்ளிரவில் கூப்பிட்டாள். நான் பக்கத்துக் கட்டிலில் தூங்குவது மாதிரிப் படுத்திருந்தேன். முக்கால் மணி நேரம் பேசினாள், பிறகு தூங்கினாள். அடுத்த நாள் நானே போய் அவள் வீட்டுக்குப் போன் போட்டு, அவளுடைய அண்ணனை வரச் சொன்னேன். இரண்டையும் செய்யலாம்.

8. கடைசித் தேர்வு முடிந்த நாள்

மணி அடித்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவதுதான் வழக்கம். ஒரே ஒரு நாள் தாமதியுங்கள். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மெஸ் பாக்கியைக் கட்டுங்கள். அடுத்த செமஸ்டர் நோ ட்யூஸ் கேட்கும்போது, ஜூனில் தொலைத்த ஒரு புத்தகத்துக்காக மார்ச்சில் அலைய வேண்டாம். ஜன்னலைத் தாழிட்டு, புத்தகங்களைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். இந்த ஊரில் மெதுவாக வேலை செய்யாதது கரையான் மட்டும்தான்.

ஆய்வில் இருப்பவர்கள், கிளம்பும் முன் அரைப் பக்கம் எழுதி மடிக்கணினி மூடிக்குள் வையுங்கள்: எந்த இயலில் எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன், அடுத்த வாக்கியம் எதைப் பற்றி, எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் விட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறக்கும்போது நாம் வேறு ஆளாக இருப்போம், அந்த ஆளுக்குக் கடிதம் மாதிரி எழுதுங்கள். என் போன வருஷத்துத் தாளில், 'வண்ணார் பழமொழி 43இல் பாட்டி சொன்னதும் அச்சில் இருப்பதும் ஒன்றல்ல, பாட்டியையே மறுபடி கேள்' என்று இருந்தது. அதைப் படிக்காவிட்டால் கேட்டிருக்க மாட்டேன். பாட்டி வேறு பதில் சொன்னார், இயலே மாறியது.

பிறகு பஸ் ஏறுங்கள். வீட்டில் முதல் கேள்வி "எப்பக் கண்ணு திரும்பணும்?" என்பதாகத்தான் இருக்கும். தேதியைத் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அம்மா நினைத்த தேதிக்கு முறுக்கு சுட ஆரம்பித்துவிடுவார்.